ஏசுபாதத்தின் பைப்

ஜமீர் பைப் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டால் பொழிச்சலூரில் பாதிப் பேர் அவரைப் பிளம்பர் என்றுதான் நினைப்பார்கள். ஒருமுறை பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், மொட்டை மாடித் தொட்டி ஒழுகுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டுக் கதவையே தட்டிவிட்டார். ஜமீர் சேர்ப்பது அந்தப் பைப் இல்லை. வாயில் கவ்விக்கொண்டு புகையிலை பிடிக்கிற பைப். மரத்தில் குடைந்த சின்னக் கிண்ணமும், அதிலிருந்து வளைந்து வரும் கறுப்பு ரப்பர்த் தண்டுமாக, பழைய படங்களில் வக்கீல் வேஷம் கட்டியவர்கள் கையில் பார்த்திருப்போமே, அது.

பிழைப்புக்கு அவர் நடத்துவது மேற்கு தாம்பரத்தில், சண்முகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. கடை போட்ட புதிதில் பழைய பிரேம் தேடி வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தைக்குப் போவார். அங்கே சாக்கு விரித்து, பூட்டு, கடிகாரம், உடைந்த கேமரா எல்லாம் பரப்பி வைத்திருக்கும் காமு என்கிற அம்மாள்தான் முதன்முதலில் அவர் கையில் ஒரு பைப்பைக் கொடுத்தாள்.

"இன்னா பாய், எப்பப் பார்த்தாலும் ஃப்ரேமையே நோண்டிகினு கீற? இத்த பாரு. மவுண்ட் பக்கம் ஒரு பெரிய வூட்ட காலி பண்ணாங்க, அங்கேர்ந்து வந்துது."

அதன் தண்டு பாசி படிந்த மாதிரி பச்சையும் பழுப்புமாக இருந்தது. பிரேமுக்கு மெருகேற்ற ஜமீர் கடையில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அன்றைக்கு மத்தியானம் தொழுகை முடிந்து வந்து, சும்மா பார்ப்போமே என்று தண்டை அந்தச் சக்கரத்தில் காட்டினார். பச்சை உரிந்து உள்ளேயிருந்து கறுப்புத் திராட்சை போல ஒரு பளபளப்பு எழுந்து வந்தது. கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். அன்று பிடித்தது அந்தப் பைத்தியம்.

சில வருஷங்கள் அவர் புகைத்தும் வந்தார். அப்புறம் ஒரு ரமலான் மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியபோது, மனைவி இரம் அவரைச் சத்தியம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. "இனிமே வாயில வெக்காதீங்க" என்றாள், அவ்வளவுதான். ஜமீர் அதோடு விட்டுவிட்டார். ஆனால் புகைப்பதை விட்ட பிறகுதான் சேர்ப்பது அதிகமாயிற்று. பைப்போடு நிற்காமல் பழைய புகையிலையும் வாங்கினார். நல்ல புகையிலையை டப்பாவில் அடைத்து, திறக்காமல் வைத்தால், வருஷம் போகப் போக அது உள்ளுக்குள்ளேயே பக்குவமாகிக்கொண்டு வரும். காரம் அடங்கும், இலை கறுக்கும், ஒரு பழ வாசனை ஏறும். இருபது, முப்பது வருஷத்து டப்பாக்களைத் தேடி அலைகிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். ஜமீரின் படுக்கையறை இரும்பு பீரோவில், இரமின் பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த்தட்டில், அப்படிப்பட்ட டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"பிடிக்காத மனுஷனுக்கு எதுக்குங்க இது?" என்று இரம் கேட்பாள்.

"பக்குவமாகட்டும்."

"பக்குவமாயி?"

ஜமீர் பீரோவைச் சாத்திவிடுவார். அதற்கு மேல் என்ன என்று அவருக்கே தெரியாது.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஜோசலின் அவர் கடைக்கு வந்தார். சேலையூரில் சொந்த வீட்டில் இருந்தவர். கணவர் ஏசுபாதம் தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலை வாழ்நாளெல்லாம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்குமே ஜமீர்தான் கண்ணாடி போட்டுக் கொடுத்து வந்தார். ஏசுபாதம் பைப் பிடிப்பார் என்பதும் ஜமீருக்குத் தெரியும். கடைக்கு வரும்போதெல்லாம் ஷோகேஸில் அழகுக்கு வைத்திருக்கும் ஒரு பைப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார், பேசமாட்டார். பக்கவாதம் வந்து சில வருஷம் கிடந்து, அந்தக் கோடையில் இறந்துபோயிருந்தார்.

ஜோசலின் ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே ஏசுபாதத்தின் பைப்புகள் எல்லாம் இருந்தன.

"எடுத்துக்கோங்க தம்பி. வூட்டுல எந்தக் கதவைத் திறந்தாலும் இதோட வாசனைதான். தூங்க முடியல. பொண்ணு கூடுவாஞ்சேரிக்கு வரச் சொல்றா, வீட்டைக் காலி பண்றேன். குப்பையில போட மனசு வரல. உங்களுக்கு இதோட அருமை தெரியும்."

"யோசிச்சுக் குடுங்க ஆன்ட்டி."

"யோசிச்சுட்டுதான் வந்தேன்."

அதில் ஒரு பைப் ஏசுபாதம் தினமும் பிடித்தது. பார்த்தாலே தெரிந்தது. கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தது. தண்டின் நுனியில் மேலும் கீழும் பல் பதிந்து இரண்டு பள்ளங்கள். உள்ளே கரி கனத்து, விரல் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஒரு ஆளே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பழைய பைப்பில் இப்படித் தங்கிவிடும் வாசனைக்கு, சேர்க்கிறவர்கள் மத்தியில் 'கோஸ்ட்', அதாவது பேய், என்று பெயர். புதிதாகப் பிடிக்கிறவருக்கு அது தொந்தரவு. அதைத் துரத்தினால்தான் பைப் சுத்தமானதாகக் கணக்கு.

ஜமீர் துரத்தினார். தன் கைவேலை முழுவதையும் அந்த ஒரு பைப்பில் காட்டினார். கரியைச் சுரண்டி, மரம் தெரிய வெளியே எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து, மஞ்சளாக ஊறி வரும்போதெல்லாம் மாற்றினார். கருகின விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினார். தண்டை மெழுகுவத்திச் சுடரில் வாட்டினால் பல் பதிந்த பள்ளம் தானே மேலெழும்பும். எழும்பியதை இழைத்து, சக்கரத்தில் கொடுத்து, முகம் பார்க்கலாம் போல ஆக்கினார். மரத்தின் ரேகைகள் தீ எழுந்து நிற்பதுபோல் கிண்ணத்தைச் சுற்றி ஓடின. அத்தனை வருஷக் கரிக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

படம் எடுத்து, சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். குரோம்பேட்டையில் இருக்கும் ஹரிபிரசாத், பேங்க் வேலையில் இருப்பவர், உடனே கூப்பிட்டார். "பாய், இது எனக்கு வேணும். என்ன கேட்டாலும் சரி." ஜமீர் தரவில்லை. இது தான் செய்ததிலேயே நல்ல வேலை, தன்னிடமே இருக்கட்டும் என்று ஷோகேஸில் நடுவில் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் கழிந்து, பொங்கலும் கழிந்து, ஜோசலின் மறுபடி வந்தார். கண்புரை அறுவை முடிந்து புதுக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. கூடுவாஞ்சேரியில் கண்ணாடிக் கடைகள் இல்லாமல் இல்லை. ரயிலேறி வந்திருந்தார். எழுத்துப் பலகையைப் படித்து முடித்ததும் ஷோகேஸ் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவர் தினமும் பிடிச்சது ஒண்ணு உண்டே. அதை ஒரு தடவை பார்க்கலாமா?"

"இதோ இருக்கே ஆன்ட்டி." ஜமீர் பெருமையோடுதான் எடுத்துக் கொடுத்தார்.

ஜோசலின் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தண்டின் நுனியைத் தடவினார். மேலே தடவி, கீழே தடவி, மறுபடி மேலே. பிறகு கிண்ணத்தை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இது வேற பைப்பா?"

"இல்ல ஆன்ட்டி. அதேதான். சுத்தம் பண்ணினேன்."

"ஓ." ஜோசலின் அதை மேஜைமேல் மெதுவாக வைத்தார். "ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க. புதுசு மாதிரி இருக்கு." பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், ஜமீரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான்தான குடுத்தேன். உங்க மேல தப்பில்ல. அப்ப அந்த வாசனை வேணாம்னு இருந்தது. இப்ப பொண்ணு அபிகாயில் ஃபிளாட்டுல பெயின்ட் வாசனை மட்டும்தான் வருது. ஒரு தடவை மோந்து பார்த்துட்டுப் போலாம்னு நினைச்சேன்."

அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு ஜமீர் வாசலில் நின்றார். அடுத்து வந்த வாடிக்கையாளருக்கு லென்ஸ் நம்பரை மாற்றி எழுதி, அவரே திருத்திச் சொல்லும்படி ஆயிற்று.

அதன் பிறகு ஜமீருக்கு அந்தப் பைப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எத்தனை பைப்புகளை இப்படிச் சுரண்டித் தள்ளியிருப்பேன் என்று நினைத்தார். பல்லாவரம் சந்தையில் வாங்கியவற்றுக்கு உரிமை கேட்டு வர யாரும் இல்லை, அதனால் உறுத்தவில்லை. பழையதைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தார். மரத்தையும் ரப்பரையும் காப்பாற்றிவிட்டு, மிச்சத்தைப் பஞ்சில் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறோம் என்று இப்போது பட்டது. நகத்தால் அந்த அம்மாள் பள்ளத்தைத் தேடியது கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒரு வழி அவர் மனசில் இருந்தது. ஏசுபாதத்தின் புகையிலை எதுவென்று அவருக்குத் தெரியும். பச்சை டப்பா, மேலே கலங்கரை விளக்கம் படம். கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் கொண்டுவந்து கொடுப்பார் என்று ஜோசலின் ஒருமுறை சொல்லியிருந்தார். இப்போது அந்தக் கலவை எங்கேயும் வருவதில்லை. ஜமீரின் பீரோவில் ஒன்றே ஒன்று இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் திறக்காதது. அவர் சேர்த்ததிலேயே மேலானது அதுதான். அதைத் திறந்து, அந்தப் பைப்பில் நிரப்பி, நாலு முறை புகைத்தால் வாசனை மரத்தில் ஏறும்.

புகைக்க வேண்டும். அதுதான் சிக்கல்.

ஹரிபிரசாத்திடம் முதலில் சொல்லிப் பார்த்தார். "பாய், உங்களுக்கு என்ன ஆச்சு? அந்த டப்பாவைத் திறக்கப் போறீங்களா? இன்னும் பத்து வருஷம் போனா அதோட மதிப்பு எங்கேயோ போயிடும்."

"பத்து வருஷம் போனா நாம என்ன சார் பண்ணுவோம்?"

"வெச்சிருப்போம்" என்றார் ஹரிபிரசாத் கடைசியில், அவருக்கே அது சரியான பதிலாகப் படாத குரலில்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமீர் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். மேஜைமேல் பைப்பும் டப்பாவும் தீப்பெட்டியும். டப்பாவின் விளிம்பில் விரல் வைத்தார். ஒரே நாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. கை அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரியில் தன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலிலேயே இரம் உட்கார்ந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். தலைக்குமேல் ஒரு விமானம் இறங்கியது. பொழிச்சலூர்க்காரர்கள் செய்கிறபடி இரண்டு பேரும் அது கடந்து போகும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

"ஊதிட்டு வந்து சொல்றீங்களா, ஊதலாமான்னு கேக்குறீங்களா?" என்றாள் இரம்.

"கேக்குறேன்."

"கூடாது."

ஜமீர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். இரம் குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நான் உடம்புக்காக மட்டும் சொல்லலங்க. அது அவங்க வீட்டுக்காரரோட பைப். அதுல நீங்க ஊதினா உங்க வாசனைதான் ஏறும். அத அவங்க எதுக்கு மோந்து பார்க்கணும்?"

ஜமீருக்கு அது தோன்றவே இல்லை.

"ரெண்டையும் கொண்டுபோய் அவங்க கையில குடுங்க. திறக்கிறதா, அப்படியே வெக்கிறதான்னு அவங்க பார்த்துக்கட்டும். நானும் வரேன். பாவம், பெயின்ட் வாசனையில உக்காந்திருக்காங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினார்கள். அபிகாயிலின் ஃபிளாட் கூடுவாஞ்சேரியில் தண்டவாளத்தைப் பார்த்தபடி மூன்றாவது மாடியில் இருந்தது. அபிகாயில் மறைமலை நகரில் கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறவள். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். காபி கொடுத்தாள். வந்த காரியத்தை ஜமீர் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. டாடி போனதுக்கே அதுவும் ஒரு காரணம். இந்த வீட்டுக்குள்ள அது வேணுமா?"

நியாயமான கேள்விதான். ஜமீர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்துவிடலாமா என்று இரமைப் பார்த்தார். அதற்குள் ஜோசலின் கையை நீட்டினார். "டப்பாவைக் குடுங்க தம்பி."

பச்சை டப்பாவை மடியில் வைத்து, கலங்கரை விளக்கத்தை விரலால் துடைத்தார். "காலியானதும் இதுக்குள்ள அவர் ஸ்க்ரூ போட்டு வெப்பார். வூடு பூரா இந்த டப்பாதான்."

"ஆன்ட்டி, திறக்காமலும் வெச்சிக்கலாம். திறந்தா அப்புறம் அது தாங்காது" என்றார் ஜமீர்.

"திறக்காம வெச்சி நான் இன்னா பண்ணப்போறேன்?" காபி ஸ்பூனின் காம்பை மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பினார். புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தின காற்று. உலர்ந்த அத்திப்பழம், வைக்கோல், எங்கேயோ ஒரு துளி புளிப்பு. அபிகாயில்கூடத் தன்னை அறியாமல் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

ஜோசலின் பைப்பையும் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுத்திருந்த இலைத் துண்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்தார். கொஞ்சம் தளர்வாகப் போட்டு, மேலே கொஞ்சம் இறுக்கி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஒரு முறை பற்ற வைக்காமல் வெறுமனே இழுத்து, காற்று போகிறதா என்று பார்த்தார். ஜமீர் வைத்த கண் வாங்காமல் நின்றார். ஏட்டில் படித்து வருவதில்லை அது, செய்து செய்து வருவது. தீக்குச்சியைக் கிழித்து, சுடரை வட்டமாகச் சுற்றி, கன்னம் குழிய இரண்டு முறை இழுத்தார். இருமல் வரவில்லை. புகை நிதானமாக வெளியே வந்தது.

"மம்மி" என்றாள் அபிகாயில். "உனக்கு எப்படி இது தெரியும்?"

"டாடிக்குக் கை விளங்காமப் போன பிறகு யாரு பத்த வெச்சிக் குடுத்தது? டாக்டர் ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்னாரு. அந்த ஒண்ண நான்தான் அடுப்படியில நின்னு பத்த வெப்பேன். இழுக்காம எப்படிப் பத்தும்?"

"அது வேற."

"ரெண்டு இழுப்புல பத்திடும். நான் நாலு இழுத்துட்டுதான் கொண்டுபோவேன்." ஜோசலின் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளெல்லாம் தூக்கி உக்கார வெக்கிறது, துடைக்கிறது, மருந்து. அந்த நாலு இழுப்பு எனக்கு. அவருக்குத் தெரியும்னு நினைக்கிறேன். லேட்டா கொண்டுபோனா சிரிப்பாரு. வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும்."

கீழே ஒரு லோக்கல் ரயில் சத்தம் போட்டுக்கொண்டு போனது. அபிகாயில் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் கை ஜோசலினின் தோளில் இருந்தது.

"வாசனை அதேதானா ஆன்ட்டி?" ஜமீர் தயங்கித்தான் கேட்டார்.

ஜோசலின் பைப்பை மூக்கருகே பிடித்து யோசித்தார். "இல்ல. அது இதைவிட நாத்தம். அவரு கழுவவே மாட்டாரு." சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா புகை அதேதான்."

"பல் தடத்தை நான் அழிச்சிருக்கக் கூடாது."

"போனது போச்சு தம்பி. என்னால அத மறுபடி போட முடியாது, எனக்கு பல்செட்டு." டப்பாவை ஜமீர் பக்கம் நீட்டினார். "நீங்க ஒண்ணு?"

இரம் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றிருந்தாள். ஜமீர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பால்கனிக் கம்பியில் சாய்ந்து, காற்றில் வந்ததை மட்டும் முகர்ந்தார். பக்குவமாகத்தான் ஆகியிருந்தது.

அந்தப் பைப்பும் டப்பாவும் கூடுவாஞ்சேரியிலேயே தங்கின. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் பிறகு ஒன்று, பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு என்று தாயும் மகளும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்ததாக அபிகாயில் பிறகு போனில் சொன்னாள். மேல் மாடியிலிருந்து புகார் வந்ததாம், ஊதுபத்தி என்று சொல்லிச் சமாளித்தாளாம்.

ஜமீர் சேர்ப்பதை விடவில்லை. வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் போகிறார். டப்பாக்களில் சிலவற்றை மட்டும் ஹரிபிரசாத்திடம் தந்துவிட்டார், திறந்து பிடிப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டு. பீரோவின் கீழ்த்தட்டில் இப்போது இரமின் புடவைகள் பாதி இறங்கியிருக்கின்றன.

போன மாதம் பம்மலிலிருந்து மோகன்ராஜ் என்று ஒருவர் யாரோ சொல்லிக் கேட்டுக் கடைக்கு வந்தார். அப்பாவின் பைப், அழுக்காக இருக்கிறது, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தால் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றார். ஜமீர் வாங்கிப் பார்த்தார். விளிம்பு கருகி, தண்டில் பல் பதிந்து, உள்ளே கரி கனத்திருந்தது. கை சக்கரத்தின் பக்கம் போகத் துடித்தது. நல்ல மரம்.

"அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. ஏன்?"

"அவங்ககிட்ட ஒரு தடவை குடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்க. அப்புறமும் சுத்தம் பண்ணணும்னா எடுத்துட்டு வாங்க, பண்ணித் தரேன். ஒண்ணும் அவசரம் இல்ல."

மோகன்ராஜ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பைப்பைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இன்னும் வரவில்லை.